பெயர்த்த மரமும் பேணும் கையும்

மலைச்சரிவிலே நூறாண்டு நின்ற மரமொன்றை வேரோடு பெயர்த்தெடுத்து, தொட்டியிலே அமர்த்தி, அதனைச் சாகவிடாது காப்பாற்றும் கலை ஒன்று உண்டு. பொன்சாய் என ஜப்பானியர் வழங்கும் குறுமரக் கலையின் கிளை அது. விதையிட்டுக் குறுமரம் வளர்ப்போர் ஒருபுறமிருக்க, மலைக்குச் சென்று முதுமரம் தேடி எடுப்போரும் உளர். அவ்வாறு எடுப்பதை ஜப்பானியர் யமதோரி என்பர். காற்றும் பனியும் பாறையும் கூடி முறுக்கிய அடிமரத்தை மனிதக் கை ஒரு தலைமுறையில் ஆக்கிவிட முடியாது. எனவே அத்தகைய மரத்திற்கு விலையும் அதிகம், ஆசையும் அதிகம். யூ என்னும் ஊசியிலை மரம் இவ்வாறு எடுக்கப்படுவனவற்றுட் பெயர்பெற்றது.

இக்கலையில் வல்லோர் யாவரும் புதியவர்க்கு முதலிலே சொல்வது, எடுத்த மரம் தேறட்டும், அழகைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்பதே. தேறுதல் என்ற இச்சொல்லிலேதான் நமது கேள்வி பிறக்கின்றது. பெயர்த்த கையே பேணவும் செய்கின்றது. அப்பேணுதலை அறம் என்று கொள்வதா? அல்லது முதலீட்டுக்கு நட்டம் வராமற் காக்கும் முன்யோசனை என்று கொள்வதா?

கண்டியைச் சூழ்ந்த மலைகளிலிருந்துகொண்டு யூ மரத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இலங்கையின் காடுகளில் அம்மரம் இயற்கையாக வளர்வதில்லை. குளிர்கால உறக்கத்துக்குப் பழகிய அதற்குக் கண்டியின் ஆண்டு முழுதுமான இளவெம்மை ஒத்துவராது. ஆயினும் இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. இமயத்து யூ மரம் தாவரவியலார் ஏட்டிலே வாலிச் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நதானியேல் வாலிச் கல்கத்தாத் தாவரவியற் பூங்காவை நெடுங்காலம் நடத்தியவர். அதே வாலிச்தான் 1839ஆம் ஆண்டு அசாம் தேயிலையின் விதைகளைப் பேராதனைப் பூங்காவுக்கு அனுப்பி வைத்தார். கண்டி மலைகளின் தலைவிதியை எழுதிய விதைகளுட் சில அன்று அப்பெட்டியிலே வந்தன. (யூ மரத்தின் இலை நம்மவர்க்கு முற்றிலும் அந்நியமன்று. தாளிசபத்திரி என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் இலைகளுள் அதுவும் ஒன்று. புற்றுநோய்க்கான டாக்சால் மருந்தின் மூலப்பொருள் அதில் உண்டென்று அறியப்பட்டபின், இமயத்திலே பட்டையும் இலையும் மிகையாகத் திரட்டப்பட்டு இன்று அம்மரம் அருகிவிட்டது.)

முதலில், பெயர்க்கப்பட்ட மரம் எவ்வாறு தேறுகின்றது என்பதைச் சற்று விரிவாகவே நோக்குதல் வேண்டும். கைவேலையை அறியாது அறத்தைப் பேசினால் பேச்சு காற்றிலே போய்விடும்.

மரம் நீரை உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியும் தடித்த வேர்களால் அன்று. அவற்றின் நுனியிலே மயிர்போற் படர்ந்திருக்கும் நுண்வேர்களால். மலையிலே இந்நுண்வேர்கள் அடிமரத்திலிருந்து பல அடி தூரம் பாறையிடுக்குகளில் ஓடியிருக்கும். மண்வெட்டி இறங்கும்போது அவற்றிற் பெரும்பகுதி மலையிலேயே தங்கிவிடுகின்றது. மரத்தோடு வருவது நங்கூரக் கட்டைகளும் சிறிதளவு நார்வேருமே. மேலே இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கின்றன. வரவு அற்று, செலவு மட்டும் நிற்காத குடும்பத்தின் நிலை இது.

அனுபவமற்றவர் உடனே கத்தியை எடுப்பர். வேர் குறைந்தது, ஆகவே கிளையையும் குறைப்போம் என்று கணக்குப் போடுவர். கணக்கு நேர்மையாகத் தோன்றினும், ஊசியிலை மரங்களைப் பொறுத்தவரை அது பிழை. புதிய வேர் முளைப்பதற்கு வேண்டிய சர்க்கரையை ஆக்கித் தருவது இலையே. வேரை வளரத் தூண்டும் சுரப்புகளும் தளிர் நுனிகளிலிருந்தே கீழிறங்குகின்றன. இலையைக் களைவது, காயம்பட்டவனுக்குச் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி உணவை நிறுத்துவதற்கு ஒப்பாகும். யூ மரம் பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்க வல்லது. பைன் முதலிய பலவற்றுக்கு அவ்வாற்றல் அரிது. அத்தகைய யூவுக்கும், பெயர்த்த ஆண்டிலே பசுமையை இயன்றவரை விட்டுவைத்தலே முறை.

வெட்டுவதற்குப் பதிலாகச் செய்யவேண்டியவை வேறு. நீர் தேங்காது வடிந்தோடும் பருமணலும் கல்நொறுங்கும் கலந்த கலவையிலே மரத்தை வைத்தல். யூவின் வேருக்குத் தேங்கிய நீர் நஞ்சு. காற்றில் அடிமரம் ஆடாதவாறு பெட்டியோடு இறுகக் கட்டுதல். மரம் ஒருமுறை அசைந்தால் அவ்வாரம் முளைத்த நுண்வேர் அத்தனையும் அறுந்துபோகும். கடுவெயிலும் வறட்காற்றும் படாத இடத்தில் நிறுத்தி, இலைமேல் அவ்வப்போது நீர் தெளித்தல். உரமிடாதிருத்தல். இவை யாவும் செய்தபின் மிகக் கடினமான செயலொன்று எஞ்சுகின்றது. மேற்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஓராண்டன்று, இரண்டாண்டு, சிலவேளை மூன்றாண்டு.

இங்கே பொய்த்துளிர் என்னும் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். பெயர்த்த மரம் அடுத்த பருவத்திலே தளதளவென்று துளிர்ப்பதுண்டு. பார்ப்பவன் மரம் பிடித்துக்கொண்டது என மகிழ்ந்து, கம்பி சுற்றிக் கிளையை வளைக்கத் தொடங்குவான். சில மாதங்களில் மரம் பட்டுப்போகும். அத்துளிர் வேர் தந்ததன்று. அடிமரத்திற் சேமித்திருந்த பழைய உணவின் கடைசிச் செலவு அது. புதிய வேர் ஓடியதா என்பதை முதல் துளிர் சொல்வதில்லை; மறு ஆண்டின் துளிரும் அதன் நீளமும் நிறமுமே சொல்லும். துளிர் கண்டதும் துயரம் தீர்ந்ததென்று அறிவிப்போர் மரம் வளர்ப்போரிடையே மட்டும் இருப்பவரல்லர்.

இவ்வளவையும் கேட்ட கண்டிப் பிரதேசத்துத் தோட்டத் தொழிலாளி எவரும், இதை ஜப்பானியரிடம் கற்கவேண்டியதில்லையே என்றுதான் சொல்வார்.

தேயிலையைச் செடி என்று சொல்லிச் சொல்லி, அது மரம் என்பதை நாம் மறந்துவிட்டோம். வெட்டாமல் விட்டால் முப்பது, நாற்பது அடி உயரம் போகக்கூடியது அது. கைவிடப்பட்ட தோட்டங்களில் அவ்வாறு வளர்ந்து நிற்பதை இன்றும் காணலாம். அதனை இடுப்பளவில் நிறுத்திவைத்திருப்பது கவ்வாத்துக் கத்தி. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து. இடையிலே வாரந்தவறாது கொழுந்துப் பறிப்பு. அவ்வாறாயின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரிலே தொடங்கியது முதல் இன்றுவரை, இம்மலைகள் முழுவதும் குறுமரம் வளர்க்கும் பெருந்தொட்டியாகவே இருந்துவந்துள்ளன எனலாம். குறுமரக் கலைஞர் இத்தனை பேர் ஓரிடத்தில் இருப்பது அரிது. அவர்களைக் கலைஞர் என்று எவரும் அழைக்கவில்லை. கூலிகள் என்றே அழைத்தனர்.

கவ்வாத்து மரத்துக்குப் பேரிடி. இலை முழுவதும் போய்விட, வேரிலே சேர்ந்துள்ள மாப்பொருளை நம்பியே அது மீண்டும் துளிர்க்கவேண்டும். அச்சேமிப்பு குறைந்த நிலையில் வெட்டினால் கிளை கிளையாகப் பட்டுப்போகும். ஆதலால் வெட்டுமுன், பென்சிற் பருமனுள்ள வேரொன்றை எடுத்து அறுத்து, அதன்மேல் அயோடின் இட்டுப் பார்ப்பர். கருநீலம் படர்ந்தால் வெட்டலாம். நிறம் மாறாவிடில் பொறுக்கவேண்டும். உயர்மலையின் குளிரிலே மாப்பொருள் நன்கு சேரும். கண்டி போன்ற இடைநிலத்திலும் தாழ்நிலத்திலும் அவ்வளவு சேராது. அதனால் கவ்வாத்துக்கு முன் சில வாரங்கள் கொழுந்து எடுக்காமல் மரத்தை ஓய விடுவர். வெட்டும்போதும் ஓரிரு கிளைகளை இலையோடு விட்டுவைக்கும் முறை உண்டு. அவற்றை மரத்தின் நுரையீரல் என்பர். வரட்சிக் காலத்தில் வெட்டக்கூடாது. வெட்டுவாய் சாய்வாக, பிளவின்றி இருக்கவேண்டும். யூ மரத்துக்குச் சொன்ன விதிகளும் இவையும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள்.

எனின், தேயிலைக்கு ஓய்வு தரும் துரை தேயிலைமீது அன்புடையவரா? எவரும் அப்படிச் சொல்லார். ஓய்வின் ஒவ்வொரு வாரமும் அடுத்த சுற்றின் விளைச்சலிலே வரவு வைக்கப்படுகின்றது. தொட்டியிலிட்ட யூ மரத்துக்கு மூன்றாண்டு ஓய்வு தருபவரும், நான்காம் ஆண்டிலே கம்பிச் சுருளோடு வருபவர்தாம். இரு கைகளும் ஒன்றையே செய்கின்றன. இரண்டும் மரத்தை நன்கு அறிந்தவை. அறிவும் பொறுமையும் மென்மையும் இருந்துவிட்டால் அறமும் இருந்துவிட்டதாகக் கொள்ளும் வழக்கத்தை இங்கே கைவிட வேண்டியுள்ளது. நல்ல சவுக்குக்காரன் குதிரையின் உடம்பை வைத்தியனைவிட நன்றாக அறிவான்.

ஆனால் இதைக்கொண்டு, மரத்தைத் தொடுவதே குற்றம் என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. அது எளிதான தூய்மை. தேநீர் அருந்திக்கொண்டு அதைச் சொல்வது இன்னும் எளிது. எந்த மரம், எதற்காகப் பெயர்க்கப்பட்டது என்று பிரித்துக் கேட்டாக வேண்டும்.

கண்டிக்குக் கிழக்கேயுள்ள நக்கிள்ஸ் மலைத்தொடரின் உச்சிகளிலே, மனிதர் எவரும் வெட்டாமலே குறுகி நிற்கும் காடு ஒன்று உண்டு. இடைவிடாக் காற்றும் மெல்லிய மண்ணும் மூடுபனியும் அம்மரங்களை ஆளுயரத்துக்கும் தாழ்வாக நிறுத்திவைத்துள்ளன. 2000ஆம் ஆண்டில் பேணற்காடாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. குறுமரம் தேடுவோனின் கண்ணுக்கு அது புதையற் குவியல். அங்கிருந்து ஒன்றை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, சட்டம் இல்லாவிடினும் எடுக்கலாகாது என்பதே நம் துணிபு. அம்மரத்துக்குத் தேறுதல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எடுத்தவனே நோயைப் படைத்து, பின் வைத்தியனாக வருகின்றான். எத்துணைத் திறமையாக மூன்றாண்டு பேணினும் அக்கடன் தீராது. ஜப்பானிலே இதோயிகவா முதலிய மலைப்புறங்களில் இருந்த பழைய சிம்பாக்கு மரங்களை இவ்வாறே தேடித்தேடி எடுத்து, மலையை வெறுமையாக்கினர். இன்று அம்மரங்கள் கண்காட்சிகளில் நலமாக உள்ளன, மலையில் இல்லை.

இனி மற்றொரு மரத்தைப் பார்ப்போம். பழைய விதைத்தேயிலை மலையொன்றை மறுநடுகைக்காகப் பிடுங்குகிறார்கள். நூறாண்டுக் கவ்வாத்தினால் முடிச்சேறிய கட்டைகள் குவிகின்றன. அவை அடுப்புக்குப் போகும். அவற்றுள் ஒன்றை ஒருவர் சாக்கிலே சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, செங்கல் நொறுங்கிலும் ஆற்றுமணலிலும் அமர்த்துகிறார். ஐப்பசி மழை தொடங்கும் வேளையாக இருந்தால் பிழைக்க இடமுண்டு. தை, மாசி வரட்சியாக இருந்தால் அரிது. இங்கே பெயர்த்தவர் ஒருவர், ஏற்பவர் வேறொருவர். அம்மரத்துக்கு எஞ்சியிருந்த வேறு வழி தீ. எனவே இது ஏற்கத்தக்க செயல் என்போம். ஆயினும் பிழைக்க வைத்ததனால் அது அவருடைய பொருளாகிவிட்டதா? அதனை வளைக்கும் உரிமை அவருக்கு வந்துவிட்டதா? நாம் ஒரு சோதனையைப் பரிந்துரைப்போம். மரம் தேறியபின், குறுமரமாக அது எடுபடாது என்று தெரிந்தால் அவர் என்ன செய்வார்? வேலியோரத்து மண்ணிலே குழிதோண்டி நட்டு, மரமாகவே வளர விடுவாராயின், மூன்றாண்டுப் பேணுதலும் மரத்துக்காகச் செய்ததாகும். குப்பையிலே எறிவாராயின், அம்மூன்றாண்டும் தம் ஆசைக்காகச் செய்ததாகும்.

இவ்விடத்தில் வாசகர் பலரின் மனம் மரத்தை விட்டு மனிதரிடம் சென்றிருக்கும். செல்லவே செய்யும், மலையகத்தில் வேர், பெயர்ப்பு, நடுகை என்ற சொற்களை மரத்துக்கு மட்டும் ஒதுக்கிவைக்க இயலாது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, நடந்தோரிற் பலர் வழியிலேயே மடிய, எஞ்சியோர் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் ஆளான வரலாறு நமக்குத் தெரியும். அவர்களை இடம் மாற்றி நட்ட நாற்று என்றும், இம்மண்ணில் வேரூன்றியோர் என்றும் நல்லெண்ணத்தோடு எழுதியோர் பலர். அந்த உவமையின்மீதே நமக்கு ஐயம் உண்டு.

ஏனெனில் தோட்ட நிருவாகம் அவ்வுவமையை உவமையாகக் கொள்ளவில்லை, நடைமுறையாகவே கொண்டது. மரத்துக்கு எவ்வளவு ஓய்வு, எவ்வளவு உரம் என்று கணக்கிட்ட அதே ஏட்டில், ஆளுக்கு எவ்வளவு அரிசி, எத்தனை அடி காம்பரா என்றும் கணக்கிட்டது. பிள்ளைக் காம்பரா அமைத்தது. தாய் மலைக்குப் போகவேண்டுமே. நிறை குறைந்தால் அரைப்பேர் போட்டது. லயத்து அறை வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் அறையும் போகும். மூலதனத்தின் முதற்பாகம் ஜெர்மனியிலே வெளிவந்ததும் லூல்கந்துரவில் தேயிலை நடப்பட்டதும் ஒரே 1867ஆம் ஆண்டு. முதலாளித்துவ வேளாண்மை தொழிலாளியையும் மண்ணையும் ஒருங்கே வறிதாக்குகின்றது என்று மார்க்ஸ் அந்நூலிலே காட்டியது பலர் அறிந்ததே. மலையகத்தைக் கண்ட நாம் அதனோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லலாம். வறிதாக்குவது எப்போதும் புறக்கணிப்பினால் நடப்பதில்லை. அளவறிந்த பராமரிப்பினாலும் அது நடக்கும்.

1948இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று பங்கு பிரித்தது. எந்தக் கன்று எந்தப் பாத்திக்கு என்று நாற்றுமேடையிலே பிரிப்பதும் இவ்வாறுதான், கன்றுகளைக் கேட்பதில்லை. திரும்பிச் சென்றோருட் பலர் நீலகிரியிலே, 1968இல் தமிழக அரசு அவர்களுக்கெனத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலே, மீண்டும் அதே மரத்தின் முன் கூடையோடு நின்றனர். மறுவாழ்வு என்று அதற்குப் பெயர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. நெடும்போராட்டத்தின் பயன் அது, அதனைச் சிறிதென்று சொல்லமாட்டோம். ஆனால் அடையாள அட்டை கையில் வந்ததைக் கண்டு சிக்கல் முடிந்ததென்று அறிவித்தவர்கள், முதல் துளிரைக் கண்டு கம்பியை எடுத்தவர்களே. ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்ற காணித்துண்டுகளில் தனிவீடுகள் எழுகின்றன; பெருந்தொகையினரோ இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றனர்.

மரத்துக்கும் மனிதருக்கும் நாம் காணும் வேறுபாடு இதுவே. மரம் பேசாது. அதன் பொருட்டு நாம் செய்யக்கூடியது பேணுதல் ஒன்றே. அது நேர்மையானதா என்பதைக் கேட்கவும் நாமே வேண்டும், விடை சொல்லவும் நாமே வேண்டும். ஆகையினால் மரத்தின் முன் நமக்கு அடக்கம் மிகுதியாக வேண்டும். மனிதரோ பேசுவர். தமக்கு எது தேறுதல் என்பதைத் தாமே சொல்வர். சொல்லக்கூடியவரிடம் கேளாது, அவருக்காக மிக நன்றாகப் பேணுதல், மரத்துக்கு அறமாக இருந்தது மனிதருக்கு அவமதிப்பாக மாறும் இடமாகும். 2023இல், மலையகத்தாரின் வருகைக்கு இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோர், தம்மை நன்கு கவனித்துக்கொள்ளும்படி எவரையும் இரந்து நடக்கவில்லை. நிலத்தையும், சம உரிமையையும், தம் உழைப்புக்கும் வரலாற்றுக்கும் ஒப்புதலையும் கேட்டு நடந்தனர்.

நிற்க. பழைய தேயிலையைப் பிடுங்கியவுடன் அந்நிலத்திலே புதுக்கன்று நடுவதில்லை. களைத்த மண் தேறவேண்டும் என்று, கௌதமாலாப் புல்லோ மானாப் புல்லோ நட்டு, வெட்டி வெட்டி அங்கேயே பரப்பி, ஏறக்குறைய இரண்டாண்டு விட்டுவைப்பர். தேயிலை ஆராய்ச்சியாளர் வகுத்த நல்ல முறை அது. மண்ணின் வேரழுகல் குறையும், மட்கு சேரும், நீர்ப்பிடிப்பு திரும்பும். கண்டிப் பக்கத்து மலைகளிலே ஆளுயரப் புல் அசையும் அத்தகைய சரிவுகளைக் காணலாம். புல் நிற்கும் அவ்விரண்டாண்டும் அம்மலையிலே கொழுந்து இல்லை. முன்பு அங்கே நிரை பிடித்த பெண்கள் விடியற் பெரட்டுக்கு வந்து, அடுத்த மலைக்குக் கூடையோடு ஏறுகின்றனர்.